விண்ணப்பக் கொப்பியில் ஒரு வெற்றுக் கட்டம்

தம்பி,

நேற்று கந்தோரில் என் மேசை லாச்சியைத் துப்பரவு செய்தேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு எனக்கு அங்கே வேலை முடிகிறது என்பது உனக்குத் தெரியும். அறுபது வயதாகிவிட்டதாம். கம்பனிக்கு என் பிறந்தநாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் அம்மாவுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. லாச்சிக்குள் எழுதாத பேனைகள் ஒரு கட்டு, ஒரு காது உடைந்த கண்ணாடி, தலையிடிக் குளிசை, போன வருடத்துக் கலண்டர். எல்லாவற்றுக்கும் அடியில் உன் கொப்பி கிடந்தது. தடித்த மட்டை போட்ட அந்த சீ.ஆர். கொப்பிதான். முன்பக்கமாகத் திறந்தால் நீ வேலைக்குப் போட்ட விண்ணப்பங்கள். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தால் நான் போட்டவை. நான் இந்த வேலைக்குப் புறப்பட்ட முதல்நாள் காலையில், "ஆரைப் போய்ச் சந்திக்கோணும் எண்டு இதில எழுதிக் கிடக்கு அப்பா, கொண்டு போங்கோ" என்று நீதான் என் கையில் தந்தாய். அன்றைக்கு லாச்சியில் போட்டது போட்டதுதான். நான்கு வருடமாக அதை நான் திறக்கவில்லை. உன் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததே இல்லை. நேற்றுத்தான் பார்த்தேன்.

கொப்பியை நேரிலேயே கொண்டுவந்து தந்திருக்கலாம். நீயும் மருமகளும் இருக்கும் கொட்டாஞ்சேனை வீடு என் கந்தோரிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மருமகள் போடும் தேத்தண்ணீரைக் குடிப்பேன், மழையைப் பற்றிக் கதைப்பேன், பஸ் பிந்திவிடும் என்று எழும்பிவிடுவேன். நான்கு வருடமாகச் சொல்லாத ஒன்றை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். விரும்பினால் இதை நீ மற்றவர்களுக்கும் காட்டலாம். வேலை தேடும் பிள்ளைகளைவிட வேலை தேடும் அப்பாமார் வாசித்தால் நல்லது. நீ வேறு போன கிழமை தொலைபேசியில், வருகிற மாதத்திலிருந்து உன் கம்பனியில் நேர்முகப் பரீட்சைக்கு வருகிறவர்களை நீதான் பார்க்கப் போகிறாய் என்று சொன்னாய். நான் அதற்கு "நல்லது" என்று மட்டும் சொன்னேன். அதற்கும் இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது.

நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டிகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிப்பது என் தொழில். டொலர் இல்லை, இறக்குமதிக்குத் தடை என்றதும் பெட்டிகள் வருவது நின்றது. பெட்டி வராவிட்டால் பத்திரம் எதற்கு, பத்திரம் எழுதுகிறவன் எதற்கு? நான் இருபத்தேழு வருடம் இருந்த இடத்தை முதலாளி கண் கலங்கித்தான் மூடினார். அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. நீ பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், வாடகை வீட்டின் ஒரே சாப்பாட்டு மேசையில், அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் வேலை தேட உட்கார்ந்தோம். எனக்கோ வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்றே தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாதத்தில் ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "பொடியன் நல்லவன்" என்று முதலாளியிடம் சொன்னார். என் சீ.வி. அந்த இரண்டு சொல்தான்.

நீ முதலில் எல்லாவற்றையும் லப்டொப்பில்தான் குறித்து வைத்தாய். நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் கரண்ட் போன காலம், உன் லப்டொப்போ இருபது நிமிடம் தாங்காது. ஒருநாள் காலி வீதிக் கடையில் இந்தக் கொப்பியை வாங்கி வந்து, அடிமட்டம் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாய். "இதுக்கு சார்ஜ் தேவையில்லை" என்றாய். திகதி ஒரு கட்டம், நிறுவனம் ஒரு கட்டம், பதவி, எந்த சீ.வி. அனுப்பியது, யாரோடு கதைத்தது, திரும்ப விசாரிக்க வேண்டிய நாள், முடிவு. "இதென்னடா, கலியாணத்துக்குச் சாதகம் பாக்கிற மாதிரி இவ்வளவு கட்டம்" என்று நான் பகிடி பண்ணினேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பில் ‘யார் மூலம்’ என்று எழுதினாய். பேப்பரில் பார்த்ததா, இன்டர்நெட்டிலா, தெரிந்தவர் சொன்னதா என்று குறிக்க ஒரு கட்டம். அது எதற்கு என்று கேட்டேன். "வேலை கிடைச்சா ஆருக்கு நன்றி சொல்லோணும் எண்டு தெரியவேணுமெல்லே அப்பா" என்றாய். கிடைக்காத வேலைக்கு முன்கூட்டியே நன்றி சொல்ல இடம் ஒதுக்குகிறான் என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்திலும் அதே கட்டங்களைப் போட்டு மேலே ‘அப்பா’ என்று எழுதினாய். என் சீ.வி.யை எழுத நீ இரண்டு நாள் எடுத்தாய். "நான் என்ன பெரிய வேலை செய்தனான், பத்திரம் நிரப்பினனான், அவ்வளவுதான்" என்றேன். நீ விடவில்லை. எந்தெந்தச் சாமானுக்கு என்ன பத்திரம், பெட்டி தடுபட்டால் யாரிடம் போய் என்ன கதைத்தேன், எத்தனை பேருக்கு வேலை பழக்கினேன், சிங்களத்தில் எழுதுவேனா என்றெல்லாம் பொலிஸ்காரன்போல் கேட்டுக் கேட்டு எழுதினாய். அரைப் பக்கம் வரும் என்று நினைத்தது இரண்டு பக்கம் வந்தது. அதை நான் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன் என்பது உனக்குத் தெரியாது. இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லவில்லை. ஒரு இடத்தில் எழுத்துப்பிழை என்று மட்டும் சொன்னேன்.

போட்ட இடங்களிலிருந்து பதில் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று ஒன்பது இடம். ஒரு மாதம் கடந்ததும் நீ ‘முடிவு’ கட்டத்தில் ‘பதில் இல்லை’ என்று உன் முத்தான கையெழுத்தில் எழுதுவாய். எனக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாக இருந்தது. சும்மா வெறுமையாக விட்டால் என்ன என்று தோன்றும். இப்போது விளங்குகிறது, அப்படி எழுதியதால்தான் அந்த இடத்தை மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக உன்னால் முடிந்தது. நானோ ஒன்பதையும் சுமந்துகொண்டு, தொலைபேசி அடித்தபோதெல்லாம் ஓடினேன். பின்னேரங்களில் நீ கொப்பியைத் திறந்து, "அப்பா, இண்டைக்கு எங்க போட்டனீங்கள்?" என்று கேட்பாய். நீ அன்பாகத்தான் கேட்டாய். எனக்கு அது றிப்போர்ட் கார்டைக் காட்டச் சொல்வதுபோல் இருந்தது. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். தோழன் என்றால் பரவாயில்லை, இவன் மேலதிகாரியாக அல்லவா வந்து நிற்கிறான் என்று எனக்குள் பொருமினேன்.

அதனால் களவாக விண்ணப்பிக்கத் தொடங்கினேன். நம்முடைய ஆட்களுக்கு இதற்கு வசதியான சாட்டு ஒன்று இருக்கிறது: காரியம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும். உன் அம்மா அப்படிச் சொல்லும்போதெல்லாம் நக்கலடித்த நான், அந்த நம்பிக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு ஞாயிறு பேப்பரில் பேலியகொடைப் பக்கம் பெரிய களஞ்சியங்கள் வைத்திருக்கும் கம்பனி ஒன்று பல பதவிகளுக்கு ஆள் கேட்டிருந்தது. சுங்கப் பத்திர வேலையும் இருந்தது. விளம்பரத்தை வெட்டினால் பேப்பரில் ஓட்டை தெரியும், நீ கேட்பாய் என்று, விலாசத்தைக் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு அடுத்தநாள் தபாலில் போட்டேன். அதே கம்பனிக்குக் கணக்குப் பிரிவு வேலைக்கு நீ இரண்டு நாளுக்கு முன்பே இன்டர்நெட்டில் விண்ணப்பித்திருந்தாய். அது கொப்பியின் முன்பக்கத்தில் தெளிவாக எழுதிக் கிடந்தது. ஒரு தரம் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மகனுடைய பக்கத்தை நான் ஏன் பார்க்க வேண்டும் என்ற வீம்பு.

பிறகு நடந்ததற்கு நம் பெயர் வைக்கும் முறைதான் காரணம் என்று நான் சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. எனக்கு முன்னால் என் அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்தாக நிற்கும், பின்னால் என் பெயர். நீ உன் காலத்து வழக்கப்படி உன் பெயரை முதலில் எழுதி, பின்னால் என் பெயரை முழுதாக எழுதுவாய். ஆகவே கந்தோர்க்காரருக்கு நீயும் ‘மிஸ்டர்’ என் பெயர்தான், நானும் ‘மிஸ்டர்’ என் பெயர்தான். போதாததற்கு கைத்தொலைபேசிக்கு சார்ஜ் இருக்காது என்று இரண்டு பேரும் வீட்டு போன் நம்பரையே கொடுத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது. ஒரு பெண், ஆங்கிலத்தில், என் பெயரோடு மிஸ்டர் சேர்த்துக் கேட்டார். "ஸ்பீக்கிங்" என்றேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்முகப் பரீட்சை என்றார். எந்தப் பதவிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று விடுவார்களோ என்ற பயம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேசையில் உன் கொப்பி. எழுதவில்லை. உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. வேலையோடு வந்து உங்கள் இரண்டு பேரின் முன்னாலும் நிற்க வேண்டும் என்று இருந்தது.

வியாழக்கிழமை நீ எனக்கு முன்பே வெளிக்கிட்டுப் போய்விட்டாய். எங்கே என்று நான் கேட்கவில்லை. பழைய முதலாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, டையைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கோட்டை பஸ் நிலையத்தில், ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்து டை கட்டினேன். பேலியகொடை பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனதில், இஸ்திரி போட்ட சேட்டில் பாதி கசங்கிவிட்டது, மீதியில் மீன் சந்தைக் கூடைகளின் வாடை ஏறிவிட்டது. அப்படியிருந்தும் எனக்குள் ஒரு சந்தோசம். ஆறு மாதத்துக்குப் பிறகு எனக்கென்று ஒருவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒரு சிங்களப் பெண் அதிகாரி, நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் உன் வயதுப் பையன் ஒருவன். இருக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் ஃபைலைத் திறந்தார். மேல் மூலையில் ஒட்டியிருந்த படத்தை நான் பார்த்தேன். வெள்ளவத்தை ஸ்டூடியோவில், ஸ்டூடியோக்காரரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ எடுத்த படம். தலைகீழாகத்தான் தெரிந்தது. தலைகீழாக என்றாலும் தகப்பனுக்குப் பிள்ளையின் முகம் தெரியாதா? அவர்கள் கூப்பிட்டது உன்னை என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது.

தம்பி, நான் உனக்கு நான்கு வருடமாகச் சொல்லாதது இதுதான். படத்தைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நான் என் இருபத்தேழு வருடத்தைச் சொன்னேன். நீ எழுதித் தந்த அந்த இரண்டு பக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னேன். ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ. கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த மனிதனையே எடுத்துக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தோன்றாதா என்ற நப்பாசை. உன் வாய்ப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்காக மன்றாடினேன். பையன் ஃபைலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அந்தப் பெண் ஃபைலை என் பக்கம் திருப்பி, படத்தில் விரலை வைத்து, இது யார் என்று மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார்.

"என்னுடைய மகன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெயர் குழப்பம் தங்கள் பக்கத்துப் பிழை என்று அவர்தான் மன்னிப்புக் கேட்டார். பிறகு, பன்னிரண்டு மணியோடு நேர்முகப் பரீட்சை முடிகிறது, அதன்பிறகு மூன்று பேரின் பெயர் மேலே போய்விடும், மகனைக் கூப்பிட முடியுமா, இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். மணி பத்தே முக்கால். எனக்குத் தெரியவில்லை. என் சொந்த மகன் கொழும்பில் எந்த மூலையில் நிற்கிறான் என்று ஒரு அந்நியப் பெண்ணுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருடைய மேசைப் போனிலேயே உன் நம்பருக்கு அடித்தேன், ஓஃப். வீட்டுக்கு அடித்தேன். அம்மா எடுத்தார்.

"தம்பி எங்க போயிருக்கிறான்?"

"ஏன், என்ன நடந்தது? நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"அதைப் பிறகு சொல்லுறன். அவன் எங்கயெண்டு சொல்லும்."

"நில்லுங்கோ, கொப்பியைப் பாத்துச் சொல்லுறன்."

மூக்குக் கண்ணாடியைத் தேடி, கொப்பியைத் தேடி, பக்கத்தைத் தேடி அம்மா திரும்பி வரும்வரை நான் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வியாழன், ஒன்பதரை, கிராண்ட்பாஸ், அச்சகம்" என்று வாசித்தார். சந்திக்க வேண்டியவரின் பெயர், போன் நம்பர், இறங்க வேண்டிய பஸ் தரிப்பிடம்கூட எழுதியிருந்தாய். விடயத்தை இரண்டே வரியில் சொன்னதும், அந்த நம்பருக்கு அம்மாவே அடித்தார். எத்தனை கட்டம் என்று நான் பகிடி பண்ணிய அந்தக் கட்டங்கள்தான் உன்னைக் கண்டுபிடித்துத் தந்தன. பேலியகொடையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கிராண்ட்பாஸ். நீ வெள்ளவத்தையில் நின்றிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது.

மற்றதை நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அச்சகத்து முதலாளி, அந்த முஸ்லிம் நானா, உன் சான்றிதழ்களை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தாராம். அம்மா போனில் பதறிப் பதறிச் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு உன்னிடம் திரும்பி, "தம்பி, நம்மட இடம் சின்னது. அது பெரிய கம்பனி, உடாதீங்க. வாசல்ல நம்மட சைக்கிள் நிக்கிது, எடுத்துட்டு ஓடுங்க. பொறகு கொண்டுவந்து தரலாம்" என்றாராம். தனக்கு வேண்டிய ஆளைத் தன் சைக்கிளிலேயே ஏற்றி இன்னொரு கம்பனிக்கு அனுப்பிய மனிதர். பெற்றோல் இல்லாத நாளில் சைக்கிள் என்பது சும்மா விடயம் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு நீ இன்றைக்கும் அவரைப் போய்ப் பார்க்கிறாய் என்று மருமகள் சொன்னாள். அதை ஒருநாளும் விட்டுவிடாதே.

பதினொன்றரைக்கு நீ அந்த வாசலில் வந்து இறங்கினாய். சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கேற்றடியில் நின்றேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய்: "எப்ப போன் அடிச்சவை அப்பா?"

"இண்டைக்குக் காலமைதான். நீ வெளிக்கிட்டாப் பிறகு. உனக்காண்டி நேரத்தைக் கேட்டு வைக்கலாம் எண்டு நான் ஓடி வந்தனான்."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லும் சாதி நாம். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு என் கழுத்தைப் பார்த்தாய். நேரம் கேட்க ஓடி வந்தவன் எதற்கு டை கட்டியிருக்கிறான் என்று கேட்டிருக்கலாம். "நல்லது அப்பா. டையைக் கழட்டித் தாங்கோ" என்றாய். நான் கழற்றி உன் கழுத்தில் கட்டிவிட்டேன். முடிச்சை நான் இரண்டு தரம் பிழையாகப் போட்டதை நீ வெயிலில் நின்ற களைப்பு என்று எடுத்துக்கொண்டாய், அல்லது அப்படி எடுத்துக்கொண்டதாகக் காட்டினாய். உள்ளே போனாய். நான் அந்த நானாவின் சைக்கிளுக்குக் காவல் நின்றேன். அன்றைய நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இரண்டு கிழமையில் உனக்குக் கடிதம் வந்தது. நீ வேலைக்குப் போனாய், வீட்டு அடுப்பு எரிந்தது. உன் பக்கம் அதோடு முடிந்தது, கொப்பியை நீ மூடி வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தலைகீழாகத் திருப்பி என் முன்னால் வைத்தாய். இன்னும் நான்கு மாதம். கொட்டாஞ்சேனையில் கறுவா, மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பனிக்குப் போட்டு மூன்று கிழமை கடந்த ஒரு நாள், "ஒருக்கா எடுத்துக் கேளுங்கோ அப்பா, இண்டைக்குத்தான் விசாரிக்க வேண்டிய நாள்" என்றாய். "தேவையெண்டா அவங்கள் எடுப்பாங்கள். என்னைப் போய் இரக்கச் சொல்லுறியோ?" என்று சத்தம் போட்டேன். நம்பரை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் போனை என் காதில் வைத்தாய். அவர்கள் எடுத்த ஆள் கனடாவுக்குப் போய்விட்டாராம். நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார்கள்.

அன்று பின்னேரம் கேசரி கிண்டிய அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அனுபவம் எண்டது சும்மாவோ, தேடித்தானே வரவேணும்" என்றேன். நீ கொப்பியை எடுத்து, ‘முடிவு’ கட்டத்தில் ‘கிடைத்தது’ என்று எழுதினாய். ‘யார் மூலம்’ என்ற கட்டத்தில் பேனையை வைத்துவிட்டு எடுத்தாய். "இதை நீங்களே நிரப்புங்கோ" என்று என்னிடம் நீட்டினாய். பிறகு பார்ப்போம் என்றேன்.

நேற்று அந்தக் கொப்பியை மேசையில் வைத்து முன்பக்கமாகத் திறந்தேன். ‘யார் மூலம்’ கட்டத்தில் வரிசையாக இன்டர்நெட், பேப்பர், பேப்பர், நண்பன், இன்டர்நெட். பேலியகொடை வரிக்கு வந்தேன். அழைப்பு வந்த நாள் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய்: ‘திங்கள் காலை. அப்பா எடுத்தவர்.’ அந்தப் பெண் அதிகாரி உனக்கு உள்ளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நான் கேற்றடியில் சொன்னது பொய் என்று அடுத்த கால் மணித்தியாலத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வெளியே வந்து, "எல்லாம் வடிவாப் போச்சுது அப்பா" என்று சொல்லி, சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு கிராண்ட்பாஸ் வரை நடந்தாய். அதே வரியில் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ‘இன்டர்நெட்’ என்று முதலில் எழுதியிருந்ததை ஒரே ஒரு கோட்டால் வெட்டியிருந்தாய். அதற்கு மேலே ‘அப்பா’ என்று எழுதியிருந்தாய்.

நான் அழுதேன், தம்பி. பக்கத்து மேசைப் பிள்ளை, வேலையை விட்டுப் போகிற கவலை என்று நினைத்து, "அங்கிள், அடிக்கடி வாங்கோ" என்றது. உன் வாய்ப்பை மூன்று நாள் ஒளித்து வைத்தவன் நான். உன் கதிரையில் உட்கார்ந்து உன்னை மறைத்தவன் நான். பொய்யும் சொன்னவன் நான். நீ எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, நன்றி சொல்ல வேண்டிய கட்டத்தில் என்னைப் போட்டிருக்கிறாய். கொப்பியைத் திருப்பி என் பக்கத்தையும் பார்த்தேன். நான் களவாகப் போட்ட அந்தப் பேலியகொடை விண்ணப்பத்துக்கும், கடைசி வரிக்குக் கீழே, உன் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பதவி: சுங்கப் பத்திரம். முடிவு: வயது அதிகம். எப்போது விசாரித்தாய், எப்போது எழுதினாய் என்று தெரியவில்லை. நான் ஒளித்ததைக்கூட ஒரு நேர்மையான முயற்சி என்று என் பெயரில் பதிந்து வைத்திருக்கிறாய். உனக்கு நான் சொல்லித் தந்த குணம் இல்லை இது. அம்மாவிடமிருந்து வந்திருக்கும்.

இனி நீ மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப் போகிறாய். உனக்கு நான் உபதேசம் செய்யத் தகுதி குறைவு, என்றாலும் ஒரு தரம் தவறான கதிரையில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. எங்கேயோ ஒரு வீட்டில் ஒருவர் போன் அடிக்கும்போதெல்லாம் எழும்பி ஓடிக்கொண்டிருப்பார். கூப்பிடும்போது முழுப் பெயரையும் பதவியையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிடச் சொல், நம்முடைய ஆட்கள் என்றால் அப்பனா மகனா என்றும் கேட்கச் சொல். ஐம்பது தாண்டிய ஒருவர் கசங்கிய சேட்டோடு வந்து, கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடம் பொறுத்துக் கேள். பிறகு தண்ணீர் கொடு.

கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது. என் பக்கத்தில், கறுவாக் கம்பனி வரியில், அந்தக் கட்டம் நான்கு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. லாச்சியில் கிடந்த பேனைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் எழுதவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளையிடம் பேனை இரவல் வாங்கி, ‘யார் மூலம்’ என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். அரைகுறையாக இல்லாமல், நீ எழுதுகிற மாதிரியே முழுதாக எழுதினேன். உன் பெயருக்குப் பின்னால் என் பெயரும் வந்து நின்றுவிட்டது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, நம் வழக்கம் அது. ஆனால் இந்தத் தடவை நீதான் முன்னால் நிற்கிறாய்.

அப்பா